பழைய லாரி இன்ஜின் ஓயாமல் ஹீட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருந்தது 2003 மாடல் டாடா 2515. பத்துச் சக்கர வண்டி எதுவானாலும் எங்கள் நாமக்கல் பக்கம் அதற்கு டாரஸ் என்றுதான் பெயர். லேலண்ட் வண்டியின் பெயர் டாடாவுக்கும் ஒட்டிக்கொண்டது. உள்ளே கம்மின்ஸ் 6பிடி இன்ஜின்: 6 சிலிண்டர், 5.9 லிட்டர், டர்போ, கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் கிடையாது. அந்த வண்டி ஒன்றரை வருடம் என்னை ஹீட் பிரச்சினையில் அலைய விட்டது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதும், பிறகு பட்டறையில் மற்றவர்கள் வண்டியில் பார்த்ததும்தான் கீழே இருப்பவை. லேலண்டின் ஹினோ வகை இன்ஜினுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

டெம்பரேச்சர் மீட்டர் முள் எதுவரை ஏறினால் பயப்பட வேண்டாம்?

இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு, 83 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து 95 டிகிரியில் முழுதாகத் திறக்கும். ஆகவே 83க்கும் 95க்கும் நடுவில் முள் ஆடிக்கொண்டிருந்தால் அது ஹீட் இல்லை, இன்ஜினின் இயல்பான சூடு. லோடோடு மலை ஏறும்போது கொஞ்ச நேரம் 95ஐத் தாண்டிவிட்டு, சமதரைக்கு வந்ததும் தானே இறங்கினாலும் சரிதான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால்தான் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். உங்கள் இன்ஜினின் தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரிக்கு என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள்.

மீட்டரே பொய் சொல்லுமா?

சொல்லும், அதுவும் இரண்டு பக்கமும். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் ஹெட்லைட் போட்டதும் முள் தாவும். லைட்டை அணைத்ததும் முள் இறங்கினால் இன்ஜினைத் தொடாதீர்கள், எர்த்தைச் சுரண்டிப் போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது மறுபக்கப் பொய். தண்ணீர் குறைந்து சென்சாரின் மூக்கு தண்ணீருக்கு வெளியே நின்றுவிட்டால் அது சரியான சூட்டைக் காட்டாது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழும். டிரைவர் “அப்பாடா, குறைஞ்சிருச்சு” என்று இன்னும் ஐந்து கிலோமீட்டர் மிதிப்பார். அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) போகிறது.

ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கி மாதிரி இருக்கும். தெர்மோஸ்டாட் வீட்டின் (அது உட்கார்ந்திருக்கும் உறை) மேல் காட்டி அழுத்தினால் சூடு தெரியும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் குறைத்துக் காட்டும். பெயின்ட் அடித்த, மங்கலான இடத்தைக் குறிவையுங்கள்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு டிரைவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எப்போது ஹீட் ஆகிறது என்று கேளுங்கள். “எப்பவும் ஆவுதுங்க” என்பார். விடாதீர்கள். எப்பவும் என்பது பதில் இல்லை.

டோல்கேட் வரிசையிலும் ஊருக்குள்ளும் நிற்கும்போது ஹீட் ஏறி, ஓட ஆரம்பித்ததும் குறைந்தால் காற்றில்தான் குறை: ஃபேன், பெல்ட், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு), ரேடியேட்டரின் வெளிப்பக்க அழுக்கு. காலியாக ஓடும்போது ஒன்றுமில்லாமல், லோடு ஏற்றிக்கொண்டு பைபாஸில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் போன பிறகு ஏறினால் ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு, அல்லது பம்பு தேவையான அளவு தண்ணீரைத் தள்ளவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடத்துக்குள் ஓவர்ஃப்ளோ டியூப் வழியாகத் தண்ணீரைத் துப்பினால், தண்ணீருக்குள் எங்கிருந்தோ காற்றோ புகையோ நுழைகிறது. தண்ணீர் மாற்றிய அல்லது இன்ஜின் வேலை பார்த்த மறுநாளே ஹீட் என்றால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி பார்ட்ஸைத் தொடவே வேண்டியதில்லை. நான் கேட்காமல் விட்டேன். அதற்கு ஒரு ரேடியேட்டர், ஒரு வாட்டர் பம்பு, இரண்டு ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு) விலை கொடுத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மேல் டேங்கிலும் கீழ் டேங்கிலும் சூட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் மிக அதிகமாக, இருபது டிகிரிக்கு மேல் இருந்தால் தண்ணீர் மெதுவாக ஊர்கிறது, அதாவது அடைப்பு அல்லது பம்பு. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே கொதிப்பாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்புறம், இன்ஜினை அணைத்துவிட்டு கோரின் (ரேடியேட்டரின் நடுவில் குழாய்கள் உள்ள பகுதி) முகத்தில் வெப்பமானியை இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் ஆறிப்போய்க் கிடந்தால் அங்கே இருக்கும் குழாய்களில் தண்ணீரே போகவில்லை.

வெளிப்பக்கத்தை வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) உள்ள வண்டியில் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் சுத்தமாகத் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும். குப்பையெல்லாம் நடுவில். ஒரு முறை பஞ்சு மூட்டை ஏற்றி ஓடிய வண்டியில் அந்த இடைவெளியிலிருந்து ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சை உருவினோம். தண்ணீர் அடிக்கும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின் எல்லாம் படுத்துக்கொள்ளும். அழுக்கு அடைத்ததைவிட மோசம்.

உள்ளே உப்புப் படிவது எதனால்?

போர் தண்ணீர். சேலம், நாமக்கல், தர்மபுரி சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். வெள்ளையாகக் காரை பிடித்திருக்கும். அதே காரைதான் ரேடியேட்டர் குழாயிலும் இன்ஜின் பிளாக்கின் உள்சுவரிலும் பிடிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. அது மனிதன் குடிக்க. சூடாகிக்கொண்டே இருக்கும் இன்ஜினுக்கு நான் 200 தண்ணீரைக்கூட ஊற்ற மாட்டேன்.

பழைய வண்டியின் பித்தளை ரேடியேட்டருக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு: திரும்பச் சரிபண்ணலாம். ரேடியேட்டர் பட்டறையில் ஈயத்தை உருக்கி மேல் டேங்க்கையும் கீழ் டேங்க்கையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டையான மெல்லிய ராடு விட்டு இழுப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். ராடு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பழுப்பு நிறத்தில் முட்டை ஓடு மாதிரி செதில் செதிலாக உதிரும். எண்ணிக்கொண்டே போவார். “தம்பி, நாலு வரிசையில ஒண்ணேகால் வரிசை செத்துப்போச்சு. அப்புறம் எப்படி வண்டி மலை ஏறும்?” என்றார். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை நடக்காது. அடைத்தால் மாற்ற வேண்டியதுதான்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடலாமா?

நடுக்காட்டில், இரவு ஒரு மணிக்கு, ஊசி முனை ஓட்டைக்கு என்றால் போடுங்கள். நானும் போட்டிருக்கிறேன், நின்றது. ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ஊர் வந்து சேர்ந்ததும் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, முழுத் தண்ணீரையும் இறக்கி அலச வேண்டும். மஞ்சள் போட்டு அப்படியே ஆறு மாதம் ஓட்டியவர்கள் வண்டிதான் பிறகு ராடு விட வருகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் ஹீட் குறையும் என்கிறார் மெக்கானிக். சரியா?

தவறு, அதிலும் இந்த இன்ஜினுக்கு முழுத் தவறு. நம் ஊரில் பாதிப் பழைய லாரிகள் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓடுகின்றன. “நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க, குளிர் நாட்டுக்காரன் வெச்சது” என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நடப்பது இதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பி வர ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கிறது, அதே அசைவில் குறுக்கு வழி மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழியை மூட ஆளில்லை. தண்ணீர் எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ஒரு பெரும் பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் இன்ஜினையே சுற்றிச் சுற்றி வரும். லோடு ஏற்றியதும் ஹீட் ஏறும். எந்த நோய்க்கு வைத்தியம் செய்தோமோ அதே நோய் வரும்.

குறுக்கு வழி சின்னதாக உள்ள சில பழைய இன்ஜின்களில் இப்படி ஹீட் ஆகாது, உண்மைதான். அங்கே எதிர்ப்பக்கம் தொல்லை. இன்ஜின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடும், டீசல் முழுதாக எரியாது, ஆயிலில் கசடு சேரும், சிலிண்டரின் போர் சீக்கிரம் தேயும். மைலேஜ் குறைகிறது என்று வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

தெர்மோஸ்டாட் நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

டீக்கடையில் பார்க்கலாம், கடைக்காரர் முகம் சுளிக்காதவராக இருந்தால். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானி. நூலின் நுனியை வால்வின் வாய்க்குள் கவ்வும்படி கொடுத்துத் தொங்கவிட்டால் இன்னும் வசதி: வால்வு திறக்கும் நொடியில் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் ‘டிங்’ என்று பாத்திரத்தில் விழும். அப்போது வெப்பமானி என்ன காட்டுகிறதோ அதுதான் திறக்கும் சூடு. பிறகு கொதிநிலைக்கு அருகே கொண்டுபோய் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். பாதி திறந்து சிக்கிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிற கோளாறு. புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன்பு இப்படிப் பார்த்துவிடுங்கள். டப்பா புதிது என்பதால் உள்ளே இருப்பது வேலை செய்யும் என்று அர்த்தமில்லை.

ரேடியேட்டர் மூடிக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு?

மூடி தூசிக்காகப் போட்டதில்லை. சும்மா திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது நாம் மலை ஏறி முடிக்கும் நேரத்தில் கொதிநிலை நம்மை நோக்கி இறங்கி வருகிறது. மூடி 0.5 பார் அழுத்தம் பிடித்தால் சமதரையில் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்த மூடியைப் போட்டு ஓட்டினால் இந்தப் பத்துப் பதினொரு டிகிரி போய்விடும். அதுமட்டுமில்லை, அழுத்தம் இல்லாத தண்ணீரில் பம்பின் வாய்ப்பக்கம் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பம்பு தண்ணீருக்குப் பதில் நுரையைத் தள்ளும்.

மூடியில் இன்னொரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது எக்ஸ்பான்ஷன் டேங்கிலிருந்து தண்ணீரை உள்ளே விடுவது அதன் வேலை. காலையில் பானட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பிப்போய்த் தட்டையாகக் கிடக்கிறதா? அந்த வால்வு சிக்கியிருக்கிறது. மூடியை மாற்றுங்கள். மொத்த வண்டியிலும் இவ்வளவு மலிவான வைத்தியம் வேறு இல்லை. வாங்கும்போது பழைய மூடியில் போட்டிருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். கூட இருந்தால் நல்லது என்று அதிக அழுத்த மூடி போட்டால் பழைய கோரின் ஈயம் பிளந்துகொள்ளும்.

ஃபேன் சுற்றுகிறதே, அதில் என்ன குறை இருக்க முடியும்?

சுற்றினால் போதாது, காற்றை இழுக்க வேண்டும். ஷ்ரவுட் உடைந்து பாதி இல்லாத வண்டியில் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருக்கும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கியதும் ஃபேன் கீழே இறங்கி ஷ்ரவுட்டை வெட்டும். வெட்டுகிறது என்று யாராவது ஷ்ரவுட்டையே கழற்றி வைத்துவிடுவார்கள். பல வண்டிகளில் ஹீட் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கும். ரப்பரைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

ஃபேனை முன்பின் மாற்றிப் பூட்டுவதும் நடக்கிறது. அப்படிப் பூட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இழுக்கும் காற்று மிகவும் குறைந்துவிடும். இலைகளின் வளைவைப் பார்த்தால் தெரியும்.

பெல்ட் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினால் வழுக்குகிறது. ஜோடி பெல்ட் போட்ட லேலண்டில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது மட்டும் சுமை தாங்கி அறுந்துபோகும். விஸ்கஸ் ஃபேன் (சூட்டைப் பொறுத்து கிளட்ச் பிடிக்கும் ஃபேன்) இருந்தால், இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். காற்றாடி மாதிரி லேசாகச் சுற்றினால் கிளட்ச் தீர்ந்துவிட்டது.

வாட்டர் பம்பு ஒழுகவில்லை. அப்படியானால் நல்லதுதானே?

ஒழுகினால் கெட்டது என்பது சரி. ஒழுகாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. வெறும் தண்ணீரில் பல வருடம் ஓடிய பம்பில் இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இலைகள் அரித்து மொட்டையாகியிருக்கும். ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் வழுக்கும்.

பம்பைக் கழற்றுவதற்கு முன்பு கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்பு உறிஞ்சும் பக்கம். ஹோஸ் ஊறிப்போய் மெத்தென்று இருந்தால் இன்ஜின் வேகம் எடுக்கும்போது உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் ஃபேனுக்கு எட்டாத தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் என்றால் அந்தச் சுருள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டதா என்று கையால் அமுக்கிப் பாருங்கள்.

ரேடியேட்டரில் குமிழ் வருகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

முதலில் சொன்ன அலைச்சல் இங்கேதான். என் வண்டி தண்ணீரைத் துப்பிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழ் குமிழாக வரும். பார்த்த எல்லோரும் ஒரே குரலில் ஹெட் கேஸ்கட் என்றார்கள். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துத் தளம் சரிபார்த்து, புது கேஸ்கட் போட்டோம். ஒரு வாரம் ஓடியது. திரும்பவும் குமிழ். இன்னொரு பட்டறை, அங்கே ஹெட்டே கிராக் என்று சொல்லிப் பிரஷர் போட்டுப் பார்த்தார்கள், கிராக் இல்லை. இன்னொரு கேஸ்கட். திரும்பவும் குமிழ்.

கடைசியில் கண்டுபிடித்தவர் மெக்கானிக் இல்லை, ஏர் பிரேக் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். வேறு வேலையாக வந்தவர் பானெட் பக்கத்தில் நின்றுகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடுகிறது, ஏர் டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கிறது, ரேடியேட்டர் வாயில் குமிழ் வந்துகொண்டே இருக்கிறது. டேங்க் நிரம்பி வால்வு ‘புஸ்ஸ்’ என்று வெளியே விட்டது. குமிழ் நின்றது. தண்ணீர் அப்படியே அடங்கிக் கிடந்தது. அண்ணன் கேபினில் ஏறிப் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து ஏரை இறக்கினார். கம்ப்ரசர் திரும்ப லோடு எடுத்தது, குமிழ் திரும்ப வந்தது. “ஓனரே, உங்க இன்ஜின்ல ஒண்ணுமில்ல. கம்ப்ரசர் ஹெட்டைக் கழட்டிப் பாருங்க” என்றார்.

இந்த வண்டிகளில் ஏர் கம்ப்ரசரின் ஹெட்டுக்கும் இன்ஜின் தண்ணீர்தான் போய் வருகிறது. அந்தச் சின்ன ஹெட்டில் மயிரிழை கிராக். கம்ப்ரசர் அழுத்தும் காற்று அது வழியாகத் தண்ணீருக்குள் போய், தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்ப்ரசர் ஹெட்டை மாற்றிய பிறகு அந்தப் புகார் வரவே இல்லை.

ஆகவே குமிழ் பார்த்ததும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை. ஏர் நிரம்பிய பிறகும் குமிழ் தொடர்ந்து வந்தால்தான் ஹெட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். காலையில் ஆறிக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் அதுவும் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் கிராக்குக்கு அடையாளம், கம்ப்ரசரை நீக்கிவிட்ட பிறகு. புகை தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்க நீல நிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும், கம்ப்ரசர் காற்றுக்கு மாறாது.

தண்ணீரில் ஆயில் மிதக்கிறது. அதுவும் கேஸ்கட்தானா?

இருக்கலாம், ஆனால் முதலில் ஆயில் கூலர். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம், அதனால் கூலர் ஓட்டையில் ஆயில் தண்ணீருக்குப் போகும். அணைத்த பிறகு ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், தண்ணீரில் மட்டும் கொஞ்ச நேரம் அழுத்தம் இருக்கும், அப்போது தண்ணீர் ஆயிலுக்குப் போகும். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

லைனர் பிட்டிங் என்கிறார்களே?

தண்ணீர் நேரடியாக லைனரை (சிலிண்டருக்குள் செருகும் தனி உருளை) தொடும் வெட் லைனர் இன்ஜின்களில் வரும் நோய் அது. லைனர் அதிர்வதில் தண்ணீர்ப் பக்கம் குமிழ்கள் உண்டாகி உடைந்து, புழு அரித்த மாதிரி குழி விழும். தடுப்பு மருந்து கலந்த கூலண்ட்தான் ஒரே காப்பு. 6பிடியில் தனி லைனரே கிடையாது, பிளாக்கிலேயே போர் போட்டது. ஆகவே இந்த இன்ஜினுக்கு யாராவது லைனர் பிட்டிங் என்று சொன்னால் பட்டறையை மாற்றுங்கள்.

டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருக்கிறோம். அதற்கும் ஹீட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். எரிகிற டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கோ அதைவிடச் சற்று அதிகமோதான் சக்கரத்துக்குப் போகும் உழைப்பாகிறது. மீதி சூடு சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போக வேண்டும். இழுவைக்காக டீசலைக் கூட்டினால் ரேடியேட்டரின் பங்கும் கூடுகிறது. ரேடியேட்டர் அதே ரேடியேட்டர்தான். மலையில் கரும்புகை தள்ளிக்கொண்டு ஏறுகிற வண்டி ஹீட் ஆவதில் ஆச்சரியமில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கதை. டீசல் பாயும் டைமிங் பின்தங்கினாலும் அப்படியே. பிரேக் ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் இன்ஜின் இல்லாத லோடைச் சுமக்கும். ஓட்டி நிறுத்தியதும் வெப்பமானியால் ஒவ்வொரு டிரம்மையும் பார்த்தால் எது ஒட்டுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மலையில் எப்படி ஓட்டுவது?

சேலத்திலிருந்து தொப்பூர் ஏறும்போதும், பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு தாண்டித் திம்பம் ஏறும்போதும் டிரைவர்கள் செய்கிற ஒரே தப்பு, மேல் கியரிலேயே அழுத்திப் பிடிப்பது. ஆர்பிஎம் இறங்கிவிட்டால் ஃபேனும் பம்பும் சோம்பேறியாகச் சுற்றும், டீசலோ முழு அளவு எரியும். முள் அசைய ஆரம்பித்ததுமே ஒரு கியர் குறைத்து, காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஆர்பிஎம்மை மேலே வைத்து ஏறுங்கள். பின்காற்று அடிக்கிற நாளில் இன்னும் கவனம். வண்டி போகும் வேகத்தில் காற்றும் கூடவே வந்தால் ரேடியேட்டருக்கு எதிர்காற்றே கிடைக்காது.

வழியில் கொதித்துவிட்டால்?

ஓரம் கட்டி, தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது, ஹோஸ் வெடிக்கவில்லை என்றால் உடனே அணைக்காதீர்கள். ஐடிலிங்கைவிடச் சற்று மேலே வைத்துச் சில நிமிடம் ஓட விடுங்கள், பம்பும் ஃபேனும் சூட்டை இறக்கும், டர்போவும் ஆறும். தண்ணீரெல்லாம் கொட்டிவிட்டது என்றால் அந்த நொடியே அணைக்க வேண்டும்.

மூடியை எக்காரணம் கொண்டும் உடனே திறக்காதீர்கள். கோணிச்சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்பதை நம்பி முழங்கை வரை வெந்த கிளீனர் பையன் ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அமுக்கினால் நெகிழ வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். பிறகு மூடியை முதல் நிலை வரை மட்டும் திருப்பி ஆவியை விட்டுவிட்டு அப்புறம் முழுதாகத் திறங்கள். இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரை ஒரு குடம் அப்படியே கவிழ்த்தால் ஹெட் கிராக் விடும். பிளாக்கின் மேலே வெளியில் தண்ணீர் ஊற்றுவதும் அதே வினைதான்.

கூலண்ட் பச்சையா, சிவப்பா? எவ்வளவு கலப்பது?

நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் கனரக டீசல் இன்ஜினுக்கு என்று இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டரோடு. அந்தக் கலவை மூடி இல்லாமலே 107 டிகிரி வரை தாங்கும். முழுக்கக் கூலண்டையே ஊற்றினால் இன்னும் குளிரும் என்று நினைப்பது தப்பு, சூட்டைச் சுமப்பதில் தண்ணீரைவிட அது மட்டம். இறக்கிய பழைய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும்.

தண்ணீர் மாற்றிய பிறகுதான் ஹீட் ஆகிறது.

அவசரமாக ஊற்றியிருப்பீர்கள். உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஹெட் பக்கம் காற்றுப் போக்கும் பிளக் இருந்தால் திறந்து, காற்றில்லாமல் தண்ணீர் வரும் வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்து, இரவு ஆறிய பிறகு அளவைத் திரும்பப் பாருங்கள். இரண்டு மூன்று லிட்டர் குடித்திருக்கும்.

ஒரு முறை நன்றாகக் கொதித்துவிட்டது. இப்போது சரியாக ஓடுகிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆயிலைப் பாருங்கள், குமிழ்ச் சோதனை செய்யுங்கள், ஒரு மாதம் தினமும் காலையில் தண்ணீர் அளவைக் குறித்து வையுங்கள். வெளியே எங்கும் ஈரமில்லாமல் அளவு மட்டும் குறைந்தால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் சும்மா கேஸ்கட் மட்டும் மாற்றிப் பூட்டாதீர்கள். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துத் தளத்தைப் பார்க்க வேண்டும், வால்வு சீட்டுகளுக்கு நடுவில் கிராக் இருக்கிறதா என்று பிரஷர் போட வேண்டும், ஹெட் போல்ட் நீண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். லேத்தில் தளம் சீவினால் வால்வு எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றும் அளந்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் தொடும். பூட்டிய பிறகு முதல் டிரிப்பை மலைப்பக்கம் எடுக்காமல், கரூரோ திருச்சியோ சமதரையில் அரை லோடு போட்டு அனுப்புங்கள். வெப்பமானியை டேஷ்போர்டில் வைத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை தெர்மோஸ்டாட் வீட்டின் சூட்டைப் பார்த்துப் போனில் சொல்லச் சொல்லுங்கள்.